எந்தச் செல்லில்? முதிய மூளையின் மெத்தில் கணக்கு

மெத்தில் என்பது டிஎன்ஏ மேல் ஒட்டி, மரபணு இயங்குவதைப் பாதிக்கும் சிறு வேதிக்குறி. அல்சைமர் மூளையில் இன்ன மரபணுவின் மெத்தில் அளவு கூடியிருக்கிறது என்று ஓர் ஆய்வு வந்தால், சுருக்கத்தை ஒதுக்கிவிட்டு நேரே செய்முறைப் பகுதிக்குப் போவது நல்லது. அங்கே தேடவேண்டியது ஒன்றுதான். டிஎன்ஏவை எதிலிருந்து எடுத்தார்கள்? திசுத் துண்டை அப்படியே அரைத்தார்களா, செல்வகை பிரித்து எடுத்தார்களா? அப்படியே அரைத்தது என்றால், தலைப்பில் உள்ள மரபணுவைப் பற்றி இன்னும் எதுவும் உறுதியாகவில்லை என்றே நான் வைத்துக்கொள்வேன். கொஞ்சம் கறாரான நிலைப்பாடுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு வழியில்லை.

மூளைப் புறணியிலிருந்து எடுத்த 100 மில்லிகிராம் துண்டில் நியூரான்கள் மட்டுமா இருக்கின்றன? கிளியா என்று பொதுவாக அழைக்கப்படும் துணைச் செல்கள் (ஆஸ்ட்ரோசைட், ஆலிகோடென்ட்ரோசைட், மூளையின் நோயெதிர்ப்புச் செல்லான மைக்ரோகிளியா), ரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொரு வகைக்கும் மெத்தில் அமைப்பு வேறு. ஒரே மரபணுத் தொகுதியை வைத்துக்கொண்டு ஒரு செல் நியூரானாகவும் இன்னொன்று மைக்ரோகிளியாவாகவும் இருப்பதற்கு அந்த அமைப்பும் ஒரு காரணம். இப்போது ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். நியூரான்களில் அங்கே 20 சதவீதம், மற்ற செல்களில் 80 சதவீதம் மெத்திலேற்றம். ஆரோக்கியமான துண்டில் நியூரான்களின் பங்கு 40 சதவீதம் என்றால் சராசரி 8 + 48 = 56. நோயுற்ற துண்டில் நியூரான்களின் பங்கு 35 சதவீதமாகக் குறைந்தால் 7 + 52 = 59. மூன்று புள்ளி ஏறிவிட்டது. ஆனால் எந்தச் செல்லிலும் எதுவும் மாறவில்லை. ஒரு தெருவின் சராசரி வருமானம் இறங்கிவிட்டது என்பார்கள். விசாரித்தால் யார் சம்பளமும் குறைந்திருக்காது, இரண்டு டாக்டர் குடும்பங்கள் வீடு மாறிப் போயிருக்கும்.

இந்த மூன்று புள்ளி அற்பமில்லை. அல்சைமர் மூளைகளில் இதுவரை அறிவிக்கப்பட்ட மெத்தில் வித்தியாசங்கள் பெரும்பாலும் இதே அளவுதான். பல இடங்களில் ஒன்றிரண்டு புள்ளிதான். அதாவது தேடும் சைகையும் அதை மறைக்கும் இரைச்சலும் ஒரே உயரம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புறணிச் செல்களில் மைக்ரோகிளியா நூறில் ஐந்து முதல் பத்து வரைதான். நோயில் மைக்ரோகிளியாவுக்குள் மட்டும் ஓர் இடம் 30 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்குப் போகிறது என்று வையுங்கள். பிரமாண்டமான மாற்றம். பங்கு 5 சதவீதம் என்றால் முழுத் துண்டில் அது ஒன்றரைப் புள்ளியாகத்தான் தெரியும். ஆக, நடக்காத மாற்றம் மூன்று புள்ளியாகத் தெரிகிறது, நடந்த மாற்றம் ஒன்றரையாகத் தெரிகிறது.

நியூரான் இழப்பு சும்மா ஊகமும் இல்லை. நினைவாற்றலின் நுழைவாயிலான எண்டோரைனல் புறணியில் நியூரான்களை எண்ணிப் பார்த்த ஆய்வு 1996இல் வந்தது. அங்கே இரண்டாம் அடுக்கில், நோய் மிக லேசாக இருந்தவர்களிடமே சுமார் 60 சதவீத நியூரான்கள் போயிருந்தன. முற்றிய நிலையில் சுமார் 90 சதவீதம். நோயில்லாமல் வயதானவர்களிடம் அங்கே குறிப்பிடத்தக்க இழப்பு தென்படவில்லை. வயதாவதும் நோயும் ஒரே பாதையின் முன்பின் அல்ல என்பதற்கு இதைவிட நேரடியான சான்று குறைவு. அல்சைமர் ஆய்வுகள் விரும்பி வெட்டும் பகுதிகளில் இதே எண்டோரைனல் புறணியும் ஒன்று.

மெத்தில் என்ற எண் எதைக் குறிக்கிறது

மனித மரபணுத் தொகுதியில் சைட்டோசினுக்கு அடுத்து குவானின் வரும் சிபிஜி இடங்கள் சுமார் 2.8 கோடி. அவற்றில் நூற்றுக்கு 70 முதல் 80 வரை மெத்தில் ஏறியவை. ஒரு செல்லில், ஒரு நூலிழையில், ஓர் இடத்தில் மெத்தில் இருக்கும் அல்லது இருக்காது. பாதி மெத்தில் என்று எதுவும் கிடையாது. "56 சதவீதம்" என்பது குழாயில் கிடந்த லட்சக்கணக்கான மூலக்கூறுகளில் எத்தனை மெத்திலோடு இருந்தன என்ற எண். இதை மறந்துவிட்டுத்தான் "மரபணு பாதி அணைந்திருக்கிறது" என்றெல்லாம் எழுதுகிறார்கள்.

மூளைக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ரத்தச் செல்கள் பிரிந்து பிரிந்து புதிதாகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் மெத்தில் அமைப்பைப் படியெடுக்கும்போது பிழை சேர்கிறது என்று சொல்லிவிடலாம். புறணியின் நியூரான் பிரிவதே இல்லை. 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஏறிய கார்பன்-14 அளவை வைத்து, ஸ்வீடனில் யோனாஸ் ஃப்ரிசென் குழுவினர் செல்களின் பிறந்த ஆண்டைக் கணித்தார்கள். புறணி நியூரான்களின் வயது அந்த மனிதரின் வயதேதான் என்று 2005, 2006 ஆண்டுகளில் காட்டினார்கள். எண்பது வயது மனிதரின் நியூரானில் இருப்பது எண்பது வயது டிஎன்ஏ. அது சும்மாவும் இருப்பதில்லை: பிரியாமலே ஆண்டுக்குச் சுமார் 17 எழுத்துப் பிழைகள் அதில் சேர்கின்றன என்று 2021இல் துல்லிய வரிசையறி முறையில் அளந்தார்கள். பிரியாத செல்லில் மெத்திலும் வயதோடு நகர்கிறது. ஆகவே படியெடுப்புப் பிழை என்ற விளக்கம் மட்டும் இங்கே போதாது.

இன்னொன்று. மற்ற உறுப்புகளில் மெத்தில் என்றால் சிபிஜிதான். நியூரானில் சிபிஜி அல்லாத சைட்டோசின்களிலும் மெத்தில் ஏறுகிறது, அதுவும் பிறந்த பிறகு, மூளை வளரும் ஆண்டுகளில். 2013இல் வெளிவந்த வரைபடம் காட்டியது என்னவென்றால், வளர்ந்த மனித நியூரானில் மெத்தில் ஏறிய சைட்டோசின்களை எண்ணினால் சிபிஜி அல்லாதவையே அதிகம். ஒவ்வோர் இடத்திலும் விகிதம் சிறிதுதான், ஆனால் இடங்களின் எண்ணிக்கை பெரிது. முன்கூட்டியே தேர்ந்தெடுத்த லட்சக்கணக்கான இடங்களில் மட்டும் மெத்திலை அளக்கும் சிப்பில் இவை கிட்டத்தட்ட முழுவதும் கணக்கில் வராமல் போகின்றன.

உறைபெட்டியிலிருந்து உட்கரு வரை

செல்வகை பிரிக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஏன் செய்வதில்லை என்றால், வேலை கடினம், திசு அதிகம் செலவாகிறது. எப்படிச் செய்கிறார்கள், எங்கே கெடுகிறது என்று பார்ப்போம்.

மூளை வங்கியிலிருந்து வரும் துண்டு −80 டிகிரியில் உறைந்திருக்கும். அதிலிருந்து முழுச் செல்லைப் பிரித்தெடுக்க முடியாது. உறையும்போதே பனிப்படிகங்கள் செல் சவ்வைக் கிழித்துவிடும். உட்கரு மட்டும் தாங்கும். அதனால் உட்கருக்களைத்தான் பிரிக்கிறோம். முதல் தவறு வெட்டும்போதே நடக்கிறது. சாம்பல் பகுதி சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் ஆலிகோடென்ட்ரோசைட்டின் பங்கு எகிறிவிடும். உலர்பனி மேல் வைத்த தட்டில், துண்டு உருகாமல், சாம்பலை மட்டும் சீவி எடுக்கவேண்டும். அவசரத்தில் பெஞ்சில் வைத்து வெட்டினால் விளிம்பு உருகும், மறுபடி உறையும், உட்கருக்களும் போகும்.

அரைக்கும் கரைசல் பழைய செய்முறைதான்: 0.32 மோலார் சுக்ரோஸ், 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 3 மில்லிமோலார் மக்னீசியம் அசிடேட், 0.1 மில்லிமோலார் ஈடிடிஏ, பிஎச் 8இல் 10 மில்லிமோலார் டிரிஸ், 0.1 சதவீதம் டிரைட்டான் எக்ஸ்-100, அன்றன்று சேர்க்கும் 1 மில்லிமோலார் டிடிடி. எல்லாம் பனியில். டவுன்ஸ் எனப்படும் கண்ணாடிக் குழாயில் கண்ணாடி உலக்கையால் மெதுவாக ஏற்றி இறக்கி அரைக்கவேண்டும். நுரை வந்தால் வேகம் அதிகம் என்று பொருள். மிகையாக அரைத்தால் உட்கரு வெடித்து டிஎன்ஏ வெளியே வரும். கரைசல் சளிபோல் இழுபடும், உட்கருக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆன மாதிரியை மீட்க வழியில்லை. இழுத்துப் பிடித்து ஓட்டிப் பார்ப்பவர்கள் பிறகு விசித்திரமான எண்களோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்து 1.8 மோலார் சுக்ரோஸ் கரைசலை இதன் அடியில் இறக்கவேண்டும். மேலே அரைத்த திசு, கீழே கனமான சுக்ரோஸ், இடையில் தெளிவான கோடு. பிப்பெட்டை வெளியே எடுக்கும்போது குமிழி விட்டால் கோடு கலங்கும். பிறகு அதிவேக மையவிலக்கியில் 4 டிகிரியில், சுமார் 1,00,000 ஜி விசையில் இரண்டரை மணி நேரம். மையலின் கொழுப்பு மேலேயே தங்கிவிடும், உட்கரு மட்டும் சுக்ரோஸைத் துளைத்துக்கொண்டு அடியில் படியும். மேலே உள்ள கொழுப்புப் படலத்தை முதலில் உறிஞ்சி எடுத்து, குழாயின் சுவரையும் துடைத்தாகவேண்டும். துடைக்காவிட்டால் அது வழிந்து அடியில் உள்ள உட்கருவோடு கலந்து, பின்னால் வரும் நிறமேற்றத்தைக் கெடுக்கும். படிந்ததை உடனே குலுக்காமல் உப்புக் கரைசலில் பனியில் ஊறவிட்டுப் பிறகு மெதுவாகக் கலக்கினால் கட்டி தட்டாது.

பிறகு நியூஎன் என்ற புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருள். 1992இல் கண்டுபிடித்த இந்தப் புரதம் பெரும்பாலான நியூரான்களின் உட்கருவில் இருக்கும், கிளியாவில் இருக்காது. ஒளிரும் எதிர்ப்பொருளை ஒட்டவைத்து, டிஎன்ஏவுக்கு டாப்பி சாயம் ஏற்றி, செல் பிரிக்கும் இயந்திரத்தில் விடுகிறார்கள். டாப்பி அளவைக் கொண்டு ஒற்றை உட்கருக்களை மட்டும் பொறுக்குவது முக்கியம். ஒரு நியூரான் உட்கருவும் ஒரு கிளியா உட்கருவும் ஒட்டி வந்தால், இயந்திரம் அந்த இரண்டையும் நியூரான் குழாயில் போட்டுவிடும். முதிய மூளைக்கே உரிய தொல்லை லைப்போஃபஸ்சின். வயதான நியூரான்களில் சேரும் இந்தப் பழுப்புத் துகள் தானாகவே ஒளிரும், பச்சையிலும்கூட. எதிர்ப்பொருள் சேர்க்காத ஒரு மாதிரியைத் தனியாக ஓட்டிப் பார்த்து எல்லை வகுக்காவிட்டால், இளைய மூளையையும் முதிய மூளையையும் ஒப்பிடும்போது வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

எவ்வளவு வேண்டும்? ஒரு மனித உட்கருவில் சுமார் 6.6 பிகோகிராம் டிஎன்ஏ. சிப்புக்கு 500 நானோகிராம் என்றால் கிட்டத்தட்ட 75,000 உட்கருக்கள். டிஎன்ஏ பிரிக்கும்போது இழப்பு உண்டு என்பதால் இரண்டு லட்சமாவது சேர்த்துவைப்பது நல்லது. நியூரானுக்கு இது எளிதாகக் கிடைக்கும். நோய் முற்றிய எண்டோரைனல் துண்டில் கிடைக்காது. எந்த மூளையில் தெரிந்துகொள்ள அதிகம் இருக்கிறதோ அதில்தான் உட்கரு குறைவு.

நியூஎன் எல்லா நியூரானையும் பிடிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சிறுமூளையின் பர்கின்ஜே செல்கள் இதற்கு நிறம் ஏறாது. அவை கிளியா குழாய்க்குள் போய்விடும். நியூஎன் இல்லாத குழாயும் ஒரே வகைச் செல் அல்ல, மிச்சம் மீதி எல்லாம் சேர்ந்தது. அதனால்தான் பிந்தைய செய்முறைகளில் ஆலிகோடென்ட்ரோசைட்டுக்கு சாக்ஸ்10, மைக்ரோகிளியாவுக்கு பியூ.1 அல்லது ஐஆர்எஃப்5 என்று கூடுதல் அடையாளங்களைச் சேர்க்கிறார்கள். இவ்வளவும் செய்தாலும் ஒரு குறை தீராது: கையில் கிடைப்பவை பிழைத்திருந்த நியூரான்கள் மட்டுமே. செத்துப்போனவற்றில் என்ன நடந்தது என்பதை எந்த இயந்திரமும் பிரித்துத் தராது.

பிரிக்க வசதியில்லாதவர்கள் கணினியில் செல் விகிதத்தைக் கணித்து, புள்ளியியலில் கழித்துவிடுகிறார்கள். ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட மேல். ஆனால் பழைய கணிப்பு முறைகள் நியூரான், நியூரான் அல்லாதது என்று இரண்டு கூறுதான் அறியும். மைக்ரோகிளியா பெருகினாலும் ஆஸ்ட்ரோசைட் பெருகினாலும் அவற்றுக்கு ஒன்றுதான்.

பைசல்ஃபைட்டும் ஆறாவது எழுத்தும்

டிஎன்ஏ கையில் வந்த பின் பைசல்ஃபைட் வேதிவினை. மெத்தில் இல்லாத சைட்டோசின் யுராசிலாக மாறி, கடைசியில் தைமினாகப் படிக்கப்படும். மெத்தில் உள்ளது சைட்டோசினாகவே நிற்கும். சிப்புக்கான வழக்கமான சுற்று: 95 டிகிரியில் 30 நொடி, 50 டிகிரியில் 60 நிமிடம், இப்படி 16 முறை. சூடேற்றுவது இரட்டை இழையைப் பிரிக்க. இழை பிரியாத இடத்தில் வினை நடக்காது. நடக்காத இடம் மெத்தில் உள்ளதாகப் பொய் சொல்லும். டிஎன்ஏவில் புரதம் ஒட்டியிருந்தாலும் இதே கதை. மிஞ்சிப் போனாலோ டிஎன்ஏ துண்டு துண்டாகும்.

வினை முழுதாக நடந்ததா என்று பார்க்க, வரிசையறி முறையில் பலர் சிபிஜி அல்லாத சைட்டோசின்களை எண்ணுவார்கள்: அங்கே மெத்தில் இருக்காது, ஆகவே மாறாமல் நிற்பதெல்லாம் வினையின் குறை என்று கணக்கு. ரத்தத்துக்கு இது சரி. நியூரானுக்குத் தவறு. மேலே சொன்னபடி நியூரானில் அங்கே உண்மையாகவே மெத்தில் இருக்கிறது. நல்ல வினையைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுவோம், அல்லது உண்மையான மெத்திலைக் குறை என்று கழித்துவிடுவோம். மெத்தில் இல்லாத லாம்டா வைரஸ் டிஎன்ஏவைத் துளி சேர்த்து, அதில் மாற்றம் 99 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான வழி.

இதைவிடப் பெரிய சிக்கல் ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசின். மெத்தில்சைட்டோசினை ஐந்தாவது எழுத்து என்று எண்ணினால் இது ஆறாவது. 2009இல் ஒரே சமயத்தில் இரண்டு குழுக்கள் இதை வெளிக்கொண்டு வந்தன. அஞ்சனா ராவ் குழு, டெட்1 என்ற நொதி மெத்திலை இதுவாக மாற்றுகிறது என்று காட்டியது. ஸ்கிர்மந்தாஸ் கிரியாவ்சியோனிஸும் நேதனியல் ஹைன்ட்ஸும் பர்கின்ஜே நியூரான்களில் மொத்த எழுத்துகளில் 0.6 சதவீதம் இதுவே என்றும், சிறுமூளையின் சிறுமணி நியூரான்களில் 0.2 சதவீதம் என்றும் அளந்தார்கள். உடலின் வேறு எந்தத் திசுவையும்விட மூளையில்தான் இது அதிகம். பைசல்ஃபைட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்துக் காட்டத் தெரியாது. ஆக, மூளையில் "மெத்தில்" என்று வெளியான பெரும்பாலான எண்கள் இரண்டின் கூட்டுத்தொகை. ஒன்று பொதுவாக மரபணுவை அடக்குவதோடும் மற்றது நியூரானில் இயங்கும் மரபணுக்களோடும் சேர்ந்து காணப்படுவது என்பதால், இந்தக் கூட்டுத்தொகையை வைத்து வியாக்கியானம் செய்வது ஆபத்து.

வழி பிறந்தது 2012இல், கேம்பிரிட்ஜில் சங்கர் பாலசுப்ரமணியன் ஆய்வகத்தில். சென்னையில் பிறந்தவர், இன்று உலகம் முழுக்க ஓடும் டிஎன்ஏ வரிசையறி முறையை டேவிட் கிளெனர்மனோடு சேர்ந்து உருவாக்கியவர். அவர்கள் முறையில் பைசல்ஃபைட்டுக்கு முன் பொட்டாசியம் பெர்ருத்தனேட்டால் ஹைட்ராக்சிமெத்திலை மட்டும் ஆக்சிஜனேற்றுகிறார்கள். பிறகு அது தைமினாகப் படிக்கப்படும். ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றை ஆக்சிஜனேற்றத்தோடும் மற்றதை இல்லாமலும் ஓட்டவேண்டும். சாதாரண வழியில் 62, ஆக்சிஜனேற்றிய வழியில் 48 என்றால் வித்தியாசம் 14, அதுதான் ஹைட்ராக்சிமெத்தில்.

அழகாக இருக்கிறது, கழித்தலில்தான் வம்பு. ஒவ்வோர் அளவிலும் மூன்று புள்ளி இரைச்சல் என்றால் வித்தியாசத்தில் அது நான்கைத் தாண்டும். உண்மையில் 2 புள்ளி மட்டுமே உள்ள இடத்தில் விடை 6 என்றும் வரும், −2 என்றும் வரும். எதிர்மறை அளவு என்று ஒன்று கிடையாதே என்று அவற்றை எல்லாம் பூஜ்யமாக்கிவிட்டால் சராசரி மேலே தூக்கிக்கொள்ளும், இல்லாத இடத்திலெல்லாம் ஹைட்ராக்சிமெத்தில் முளைக்கும். எதிர்மறைகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் பரவலைக் கொண்டு இரைச்சலின் அளவைக் கணித்து, அதைத் தாண்டும் இடங்களை மட்டும் எடுப்பதுதான் நேர்மையான வேலை. மூளைத் துண்டில் இதற்குள்ளும் செல் கணக்கு புகுந்துவிடும்: கிளியாவைவிட நியூரானில் ஹைட்ராக்சிமெத்தில் அதிகம். நியூரான் குறைந்தால் அதுவும் குறையும். "அல்சைமரில் ஹைட்ராக்சிமெத்தில் சரிவு" என்ற தலைப்புக்கு அந்த இழப்பு ஒன்றே போதும்.

சிப்பில் நடக்கும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், எல்லாம் ஒழுங்கீனத்தால் வருபவை. இப்போது பரவலாகப் பயன்படும் எபிக் என்ற சிப்பின் முதல் பதிப்பில் எட்டு மாதிரிகள் வைக்கலாம். நோயாளிகளை ஒரு சிப்பிலும் மற்றவர்களை இன்னொன்றிலும் வைத்தால், சிப்புக்குச் சிப்பு உள்ள வித்தியாசமே நோயாகத் தெரியும்; கலைத்து வைக்காத தரவைப் பிறகு எந்த மென்பொருளும் காப்பாற்றாது. எக்ஸ், ஒய் குரோமோசோம் இடங்களை வைத்து ஆணா பெண்ணா என்று சரிபார்த்தால் மாறிப்போன குழாய்கள் சில உடனே அகப்படும். எட்டரை லட்சத்துக்கு மேற்பட்ட இடங்களைச் சோதிக்கும்போது தற்செயலா இல்லையா என்று முடிவு செய்யும் 0.05 என்ற பழைய புள்ளியியல் எல்லைக்கு அர்த்தமில்லை. எபிக் சிப்புக்கு ஏறக்குறைய ஒரு கோடியில் ஒன்று என்ற எல்லைதான் புழக்கத்தில் இருக்கிறது.

நம் ஊர்த் தரவுக்கு இன்னொரு எச்சரிக்கை. சிப்பின் ஆய்வுமுனை ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறுபாடு இருந்தால், மெத்தில் அளவு 0, 50, 100 என்று மூன்று கொத்தாகப் பிரியும். அது மெத்தில் அல்ல, மரபுவகை. ஒதுக்கவேண்டிய இடங்களின் பட்டியலை ஐரோப்பிய மரபினரின் மாறுபாடுகளை வைத்து மட்டும் தயாரித்தால், தெற்காசியரிடம் பரவலாக உள்ளவை தப்பித்துவிடும். பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது. அதுபோன்ற திசுக்களில் வேலை செய்பவர்கள் கொத்துகளைத் தாங்களே வரைந்து பார்த்துக்கொள்வது நல்லது.

ஆன்கைரின், பின்1

இந்தப் பின்னணியோடு துறையின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பைப் பார்க்கலாம். 2014இல் இரண்டு குழுக்கள், வெவ்வேறு மூளைகளில், ஒரே இதழில் ஒரே சமயத்தில் அறிவித்தன: அல்சைமர் மூளையில் ஏஎன்கே1 என்ற ஆன்கைரின் மரபணுவில் மெத்தில் கூடியிருக்கிறது. ஒரு குழு 708 பேரின் முன்புறணியை அளந்து 71 இடங்களைப் பட்டியலிட்டது. மற்றது எண்டோரைனல் புறணியிலிருந்து தொடங்கியது. 2021இல் 1,408 பேரின் மூளைத் தரவைச் சேர்த்துப் பார்த்த கூட்டாய்வில் 121 மரபணுக்களைச் சேர்ந்த 220 இடங்கள் தேறின. இவ்வளவு தொடர்ந்து கிடைக்கும் முடிவு வெறும் இரைச்சலாக இருக்க முடியாது. ஆனால் திரும்பத் திரும்பக் கிடைப்பது செல் விகித மாற்றத்துக்கும் பொருந்தும். அல்சைமரில் அது ஒவ்வொரு முறையும் ஒரே திசையில்தான் போகும்.

2017இல் லேசர் கதிரால் தனித்தனிச் செல்களை வெட்டியெடுத்துப் பார்த்தார்கள். அல்சைமர் மூளையின் மைக்ரோகிளியாவில் ஏஎன்கே1 சுமார் நான்கு மடங்கு வெளிப்பட்டிருந்தது. அதே மூளைகளின் நியூரானிலும் ஆஸ்ட்ரோசைட்டிலும் அந்த ஏற்றம் இல்லை. மூன்று ஆண்டுகள் "நியூரானில் ஆன்கைரின் என்ன செய்கிறது" என்று ஊகித்ததெல்லாம் வேறு தெருவில் தேடியது. திசு அரைப்பில் ஒருநாளும் தெரிந்திருக்காது.

மரபியலும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. பின்1 மரபணுவுக்கு அருகில் அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் மாறுபாடு ஒன்று உண்டு. 2019இல், உட்கரு பிரித்து வகைவாரியாக வரைபடம் போட்டபோது, அந்த மாறுபாடு விழும், மரபணுவின் வெளிப்பாட்டை முடுக்கும் டிஎன்ஏ பகுதி மைக்ரோகிளியாவில் மட்டும் திறந்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி நீக்கினால் மைக்ரோகிளியாவில் பின்1 வெளிப்பாடு அற்றுப்போனது. நியூரானிலும் ஆஸ்ட்ரோசைட்டிலும் எதுவும் ஆகவில்லை. பின்1 புரதம் மூன்றிலும் இருக்கிறது. புரதம் எங்கே இருக்கிறது என்பதும் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள்.

டிஎன்ஏ சுற்றிக்கிடக்கும் புரதமான ஹிஸ்டோன் பக்கம் இங்கே தொட்டுவிட்டு மட்டும் போகிறேன். 2010இல் ஜெர்மனியில் 3 மாத எலிகளையும் 16 மாத எலிகளையும் கற்கவைத்துப் பார்த்தார்கள். இளையவற்றில் கற்றபின் ஹிஸ்டோன் 4இன் 12ஆம் லைசினில் அசிட்டைல் ஏறியது, முதியவற்றில் ஏறவில்லை, அசிட்டைலை நீக்கும் நொதியைத் தடுத்தால் கற்றல் ஓரளவு திரும்பியது. மனித மூளையில் 2018இல் 24 நோயாளிகள், 23 நோயில்லாதவர்களின் எண்டோரைனல் புறணியில் அசிட்டைல் வரைபடம் எடுத்து 4,162 இடங்களில் வித்தியாசம் கண்டார்கள். அல்சைமரில் நியூரான்களுக்குள் முடிச்சாகத் திரளும் டாவ் புரதம் கெடும்போது, டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் சேர்ந்து இறுகியிருக்கும் குரோமட்டின் தளர்ந்து, அடங்கிக்கிடந்த தாவும் மரபணுத் துண்டுகள் எழுந்துகொள்வதை ஈயிலும் மனித மூளையிலும் பார்த்திருக்கிறார்கள். டிஎன்ஏ மெத்தில் இறந்தபின் சில நாட்களானாலும் பெரிதாக மாறாது. ஹிஸ்டோன் குறிகளும் ஆர்என்ஏவும் அவ்வளவு பொறுமைசாலிகள் அல்ல. இறந்த நேரத்துக்கும் உறைந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியும் திசுவின் பிஎச்சும் அட்டவணையில் இல்லாத ஹிஸ்டோன் ஆய்வை நான் தள்ளிவைத்துவிடுவேன்.

கடிகாரம்

மெத்திலைக் கொண்டு வயது சொல்லும் கடிகாரம் இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2013இல் ஸ்டீவ் ஹோர்வாத் 51 வகைத் திசு, செல்களிலிருந்து சுமார் 8,000 மாதிரிகளை எடுத்து, 353 இடங்களில் மெத்தில் அளந்தால் வயது தெரியும் என்று காட்டினார். இடைநிலைப் பிழை 3.6 ஆண்டு. நியாயமாகப் பெற்ற பெயர். ஆனால் முதிய மூளையில் அது வயதைக் குறைத்துச் சொல்கிறது. 2020இல் புறணிக்கென்றே 347 இடங்களை வைத்துத் தனிக் கடிகாரம் செய்யவேண்டி வந்தது. சிறுமூளை உடலின் மற்ற பகுதிகளைவிட இளமையாகவே கணக்கில் வருகிறது. அங்கே நியூரான் விகிதம் மிக உயர்வு என்பதை மறக்காமல் அந்தச் செய்தியைப் படிக்கவேண்டும்.

ரத்தத்தையோ எச்சிலையோ அனுப்பினால் "மூளையின் வயது" சொல்கிறோம் என்று விற்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே நபரின் ரத்தத்தையும் மூளையையும் சேர்த்து அளந்த ஆய்வில், பெரும்பாலான இடங்களில் ரத்தத்தின் மெத்தில் மூளையின் மெத்திலைக் கணிக்கவில்லை. காசு உங்களுடையது.

இனி, இந்த மாற்றங்கள் நோயின் காரணமா விளைவா? இறந்த மூளையை எத்தனை கவனமாக அளந்தாலும் இதற்கு விடை வராது. ஓரளவு நெருங்க ஒரு வழி, நோயாளி, நோயில்லாதவர் என்று இரண்டாகப் பிரிக்காமல் டாவ் முடிச்சுகள் மூளையில் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் பிராக் நிலையை 0 முதல் 6 வரை அளவாக எடுப்பது. அறிகுறி இல்லாத முதியவர்களின் மூளையிலும் டாவ் முடிச்சுகள் இருக்கும், அந்த ஆரம்ப நிலையிலேயே மாற்றம் தென்பட்டால் அது வெறும் செல் சாவின் தடமாக இருக்க வாய்ப்பு குறைவு. நேரடி வழி, ஓர் இடத்தில் மெத்திலை ஏற்றியோ இறக்கியோ பார்ப்பது. டிஎன்ஏவில் குறித்த இடத்தைத் தேடிப் போய் வெட்டும் காஸ்9 புரதத்தின் வெட்டும் திறனை நீக்கி, அதோடு மெத்தில் ஏற்றும் டிஎன்எம்டி3ஏ நொதியை ஒட்டி, விரும்பிய இடத்துக்கு அனுப்பலாம். பார்கின்சனில் குவியும் ஆல்ஃபா-சைனூக்ளின் மரபணு மூன்று மடங்காகப் பெருகியிருந்த ஒரு நோயாளியின் செல்களிலிருந்து வளர்த்த நியூரான்களில், 2018இல் இப்படி அந்த மரபணுவின் முதல் இன்ட்ரானில் (புரதமாகாத இடைத்துண்டில்) மெத்திலை ஏற்றினார்கள், வெளிப்பாடு இறங்கியது. தட்டில் வளர்த்த செல்லில் இது முடிகிறது.

மூளைக்குள் கொண்டுபோவதுதான் பாடு. மூளைச் சிகிச்சைக்கு வழக்கமாகப் பயன்படும் ஏஏவி வைரஸ் சுமார் 4,700 எழுத்துகள்தான் சுமக்கும். காஸ்9 மட்டுமே 4,000 எழுத்துகளைத் தாண்டும், நொதிக்கும் இயக்கிக்கும் இடம் போதாது. சிறிய காஸ் வகைகளை வைத்தோ, இரண்டு வைரஸ்களில் பாதி பாதியாக அனுப்பியோ நியூரானுக்குள் நுழைந்துவிடலாம். மைக்ரோகிளியாவுக்குள் வழக்கமான ஏஏவி சரியாக நுழைவதில்லை. பின்1, ஏஎன்கே1 இரண்டும் சுட்டுவது அந்தச் செல்லைத்தான்.